கூரை இல்லாதவருக்கும் சோலாரில் பங்கு: இத்தாலியின் மின்சாரக் கூட்டுகள்

நேப்பிள்ஸ் நகரின் கிழக்கோரத்தில், பழைய தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும் பகுதி சான் ஜொவான்னி அ தெதூச்சோ. அங்கே குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஓர் அறக்கட்டளையின் கூரையில் 2021-ல் 53 கிலோவாட் சோலார் பேனல்கள் ஏறின. அந்த மின்சாரத்தில் பங்கு பெறும் ஒரு ‘கூட்டு’ அமைத்து, அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்கள் நாற்பதை அதில் சேர்ப்பதாகத் திட்டம். பேனலிலிருந்து எந்த வீட்டுக்கும் தனி ஒயர் போகவில்லை. மீட்டர் அதே மீட்டர்தான், கரண்ட் பில்லும் வழக்கம்போல வரும். அப்புறம் என்ன பங்கு?

கணக்கு மணிவாரியாக நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் கூட்டின் பேனல்கள் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் கட்டமைப்புக்கு, அனுப்பியது எவ்வளவு, அதே நேரத்தில் உறுப்பினர்கள் இழுத்தது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் ‘பகிர்ந்த மின்சாரம்’. பகல் ஒரு மணிக்குப் பேனல் 40 யூனிட் தந்து, வீடுகள் 25 யூனிட் எடுத்தால், பகிர்ந்தது 25. ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தாலும் பூஜ்யம்தான். அரசுத் திட்டத்தின் ஊக்கத்தொகை அந்த 25-க்கு மட்டும். 200 கிலோவாட் வரையிலான சிறிய அமைப்பு என்றால் யூனிட்டுக்கு சுமார் 8 முதல் 12 யூரோ சென்ட், 20 வருடத்துக்கு.

பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கே திடீரென்று மதிப்பு வந்துவிடுகிறது. காலை பதினொரு மணிக்கு வாஷிங் மெஷின் போடும் பாட்டி, பென்ஷன்காரர், வேலை தேடிக்கொண்டிருப்பவர். இவர்கள் இல்லாவிட்டால் கூட்டின் ஊக்கத்தொகை குறைந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் போட்ட விதிதான் இதற்கு அடிப்படை. இத்தாலி 2020-ல் சோதனையாகத் தொடங்கி, 2021-ல் சட்டமாக்கியது; இப்போதைய ஆணை 2024 ஜனவரி 24-ல் அமலுக்கு வந்தது. ஓர் அமைப்பு 1 மெகாவாட் வரை இருக்கலாம். கூட்டு என்பது சங்கமாகவோ கூட்டுறவாகவோ பதிவான சட்டபூர்வ அமைப்பு. லாபம் அதன் முதல் நோக்கமாக இருக்கக் கூடாது. தனிநபர், சிறு நிறுவனம், நகராட்சி, தேவாலயம் சேரலாம். பெரிய கம்பெனிக்கு இடமில்லை. வர விரும்புபவரைத் தடுக்க முடியாது, போக விரும்புபவரைப் பிடித்து வைக்கவும் முடியாது.

எனக்குப் பிடித்த விதி வேறு. பேனல்கள் கிரிட்டுக்கு அனுப்பியதில் பகிர்ந்த பங்கு ஓர் அளவைத் தாண்டினால் (பொதுவாக 55 சதவீதம்), அந்த மிகுதிக்கான ஊக்கத்தொகை நிறுவனங்களுக்குப் போகக் கூடாது. வீடுகளுக்கோ, அந்த வட்டாரத்தின் சமூகத் தேவைக்கோதான் செலவாக வேண்டும். மற்ற பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைக் கூட்டின் சொந்த விதிகள் முடிவு செய்யும். சேருமுன் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரிய தொகையை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஒரு வீடு வருடத்துக்கு 1,000 யூனிட் பகிர்ந்து, யூனிட்டுக்கு 10 சென்ட் என்று வைத்தாலும் 100 யூரோதான், அதுவும் பங்கு பிரிப்பதற்கு முன்.

சரி, யார் சேரலாம்? மீட்டர் உங்கள் பெயரில் இருந்தால் போதும், வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பலெர்மோவில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பமும் சேரலாம். ஆனால் ஊக்கத்தொகைக் கணக்கில் வர, உங்கள் மீட்டரும் பேனலும் ஒரே முதன்மைத் துணை மின் நிலையத்தின் (ஒரு வட்டாரத்துக்கே மின்சாரம் பிரித்துத் தரும் நிலையம்) கீழ் இருக்க வேண்டும். எது உங்களுடையது என்பதைத் திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனமான ஜி.எஸ்.இ.யின் இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். புது அமைப்புகளுக்கு ஊக்கத்தொகை கேட்க அதிகபட்சம் 2027 டிசம்பர் 31 வரை அவகாசம். நாடு முழுவதற்குமான 5 கிகாவாட் வரம்பு அதற்கு முன்பே நிரம்பினால், கதவு சீக்கிரமே மூடிவிடும்.