எட்டு விளக்கும் எரிகிறது, வேகம் மட்டும் ஏன் வரவில்லை?

மாடி அறைக் கணினிக்கு இணைய இணைப்பு தரும் ஈதர்நெட் கேபிளைத் தானே இழுத்து, இரண்டு முனையிலும் தானே கிரிம்ப் செய்த (கம்பிகளைச் செருகியில் வைத்து அழுத்திப் பொருத்திய) வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன. கணினியில் செருகினால் வேகம் தவழ்கிறது, சில நேரம் இணைப்பே அறுந்துபோகிறது. கேபிள் மட்டமானதா?” அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கேபிள் நல்ல கேபிள்தான். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறார். இரண்டு முனையிலும் அதே வரிசை. கோளாறு அங்கேதான்.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள் என்பது தெரிந்ததே. கேபிள் முனையில் இருக்கும் செருகிக்கு ஆர்.ஜே.45 என்று பெயர்; அதில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட பின்கள், அதாவது கம்பிகள் தொடும் இடங்கள். அந்த ஜோடிகள் உட்காரும் இடம் 1-2, 3-6, 4-5, 7-8. நடுவில் இருக்கும் 4-5 தொலைபேசிக்கான இடமாக முன்பே இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றொரு ஜோடி அதன் இருபுறமும் கால் பரப்பி நிற்கிறது. அதனால்தான் 3-க்குத் துணை 6.

ஜோடி பிரியக் கூடாது என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு ஜோடியில் ஒரு கம்பி +1 வோல்ட் சுமந்தால் அதன் துணை −1 வோல்ட் சுமக்கும். பெறும் முனை இரண்டையும் கழித்துப் பார்க்கிறது; விடை 2. வழியில் வெளியிலிருந்து இரைச்சல் புகுந்து இரண்டு கம்பியிலும் 5 வோல்ட் கூட்டிவிட்டது என்று வையுங்கள். இப்போது 6, 4. கழித்தால் அதே 2! இரைச்சலை யாரும் வடிகட்டவில்லை, கழித்தலிலேயே அது காணாமல் போகிறது.

ஆனால் இரண்டிலும் இரைச்சல் ஒரே அளவு ஏறினால்தான் இது பலிக்கும். பக்கத்தில் ஒரு மின்கம்பி போகிறதென்றால், அதை ஒட்டியிருக்கும் கம்பி கூடுதலாக வாங்கும், தள்ளியிருப்பது குறைவாக வாங்கும். இங்கேதான் முறுக்கு வேலை செய்கிறது. அரைச் சுற்றில் முதல் கம்பி 5 பங்கு, துணை 4 பங்கு. அடுத்த அரைச் சுற்றில் இடம் மாறிவிடுவதால் முதல் கம்பி 4, துணை 5. கூட்டினால் இருவருக்கும் 9. வெறுமனே முறுக்கிவிட்டதில் இத்தனை நியாயமான பங்கீடு! அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கேபிளின் மிச்சத் துண்டு இருந்தால் உறையை ஒரு சாண் நீளம் உரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் முறுக்கை எண்ணிப் பாருங்கள். நான்கும் வெவ்வேறாக இருக்கும். எல்லாம் ஒரே அளவாக முறுக்கியிருந்தால் இந்த ஜோடியின் ஒரு கம்பி அந்த ஜோடியின் ஒரே கம்பியை வழிநெடுக ஒட்டியே போகும், பங்கீடு நடக்காது. அதனால் வேண்டுமென்றே மாற்றி முறுக்குகிறார்கள்.

இனி வாசகரின் கேபிளுக்கு வருவோம். அவருடைய 3-ஆம் பின்னில் பச்சை ஜோடியின் கம்பி, 6-ஆம் பின்னில் நீல ஜோடியின் கம்பி. சாதனம் இவ்விரண்டையும் துணை என்று நம்பிக் கழிக்கிறது. அவையோ வேறு வேறு துணையோடு முறுக்கிக் கிடக்கின்றன. இரைச்சல் சமமாக ஏறுவதில்லை, கழித்த பிறகும் மிஞ்சுகிறது. தன் பக்கத்திலிருந்து கிளம்பும் வலுவான சமிக்ஞையே, தொலைவிலிருந்து களைத்து வரும் சமிக்ஞைமேல் கசிகிறது. தரவுப் பொட்டலங்கள் சிதைய, மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கிறது. கேபிள் நீள நீளத் தொல்லை கூடும். மலிவான டெஸ்டர் இந்த முனையும் அந்த முனையும் தொடுகிறதா என்று மட்டுமே பார்க்கும். யார் யாரோடு முறுக்கியிருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

ஒலித் துல்லியம் கூடும் என்று சொல்லி ஈதர்நெட் கேபிளை ஆபரண விலைக்கு விற்கிறார்களே, அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் மூடநம்பிக்கை. இங்கே ஓடுவது எண்கள். சரியாக முறுக்கிய சாதாரணக் கேபிள் 100 மீட்டர் வரை அவற்றைப் பிசகாமல் சேர்த்துவிடும்.

வாசகர் செய்ய வேண்டியது, இரு முனையையும் வெட்டிவிட்டு இந்த வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்வது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்க வேண்டாம். பிறகு இணையத்தில் கிடைக்கும் வேகச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், அதில் வெளி இணைப்பின் வேகமும் கலந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே இரண்டு கணினிகளில் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கிகாபிட் இணைப்பில் நொடிக்குச் சுமார் 940 மெகாபிட் காட்டினால் உங்கள் கிரிம்பிங் சரி.