காதில் ஓர் ஊசி, மூளையில் ஒரு நீலப்புள்ளி

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பதினேழு வயது மகனுக்கு ஒன்பது ஆண்டுகளாக வலிப்பு. வால்புரோயேட், லெவெடிராசெட்டாம், குளோபசாம் என மூன்று மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தும், மாதத்துக்குச் சில முறை வந்துவிடுகிறது. பக்கத்துத் தெருவில் அக்குபங்சர் பார்க்கும் ஒருவர், காதில் ஊசி போட்டால் குறையும் என்கிறாராம். மாத்திரையோடு இதையும் சேர்த்துச் செய்யலாமா என்பது கேள்வி. கடிதத்தோடு சுவர்க் காலண்டரின் ஐந்து தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வலிப்பு வந்த தேதிகளில் சிவப்பு வட்டம். ஓரத்தில் 'தூக்கத்தில்', 'ஸ்கூலில்', 'இரண்டு நிமிஷம்' என்று பொடி எழுத்தில் குறிப்புகள். அந்தத் தாள்களைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளையின் நரம்பணுக்கள் தனித்தனியே மின்துடிப்புகளை அனுப்புவதும், தூண்டும் வேதிப்பொருள்களும் அடக்கும் வேதிப்பொருள்களும் அவற்றைச் சமநிலையில் வைப்பதும் பள்ளிப் பாடம்தான். அந்தச் சமநிலை குலைந்து, ஒரு பகுதியிலுள்ள அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து துடிப்பதே வலிப்பு. நோய்க்கேற்ற இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் அடங்காவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. அது ஏன் இரண்டு? 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வில், அதுவரை மருந்தே எடுத்திராத 470 பேரில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதத்தினருக்கு நின்றது. அதற்குப் பிறகு மருந்தை மாற்றியும் கூட்டியும் பார்த்ததில் பலன் கண்டவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். எனவே மூன்றாவது, நான்காவது மாத்திரையைத் தாண்டி வேறு வழி தேடும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி காதுக்கு வருவோம்.

என் மாமா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கோழி இறகால் காது குடைவார். இறகு குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டதும் அவருக்கு இருமல் வந்துவிடும். தொண்டையில் சளி இல்லை, தூசும் இல்லை, ஆனாலும் லொக்கு லொக்கென்று இருமுவார். நூறு பேரில் ஒருசிலருக்கு இப்படி வரும். காரணம், காதுக்குழாயின் பின்சுவருக்கும், காதுத்துளைக்கு மேலே உள்ள பள்ளத்தின் மேற்பகுதிக்கும் வந்து சேரும் ஒரு சிறு நரம்புக் கிளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃபிரெட்ரிக் அர்னால்டின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அதன் தாய் நரம்பு வேகஸ், அதாவது பத்தாவது கபால நரம்பு. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். பெயருக்கேற்ப அது மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டுத் தொண்டை, நுரையீரல், இதயம், வயிறு, குடல் என்று ஊர் சுற்றுகிறது. தொண்டையின் நரம்பும் காதின் நரம்பும் ஒரே கம்பியில் வந்து சேர்வதால், காதில் பட்ட இறகைத் தொண்டையில் பட்டதாக எண்ணி மூளை இருமச் சொல்கிறது.

வேகஸ் நரம்பு மூளையிலிருந்து உறுப்புகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பி என்று நினைப்போம். உண்மையில் அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எதிர்த்திசையில், உடலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுவருபவை. அந்தச் சேதிகள் மூளைத்தண்டில் ஓர் அணுத்தொகுதியில் இறங்குகின்றன. அங்கிருந்து ஒரு பாதை, சற்று மேலே உள்ள மிகச் சிறிய இடம் ஒன்றுக்குச் செல்கிறது. மூளையை அறுத்துப் பார்த்த பழைய உடற்கூறியலாளர்களின் கண்ணுக்கு அது நீலநிறமாகத் தெரிந்ததால், 'நீல இடம்' என்று பொருள்படும் லோகஸ் சிருலியஸ் என்னும் பெயரை வைத்தார்கள். அங்கே சில பத்தாயிரம் நரம்பணுக்களே உள்ளன. மூளையின் மொத்தக் கணக்கில் அது கடலில் ஒரு கைப்பிடி. ஆனால் அவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரந்து கிளைத்து, நார்அட்ரினலின் என்னும் பொருளைத் தூவுகின்றன; அது பெருமூளையின் அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து துடிப்பதைக் கலைக்க உதவுகிறது. எலிகளில் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் வலிப்பு குறைகிறது; அதே எலிகளில் இந்த நீலப்புள்ளியை அழித்துவிட்டால், எவ்வளவு தூண்டினாலும் அந்தப் பலன் மறைந்துவிடுகிறது என்று 1998இல் காட்டப்பட்டது. ஒரு கம்பியை வெட்டிவிட்டு விளக்கு அணைகிறதா என்று பார்ப்பதுபோல் நேரடியான சோதனை அது. எப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகம் தருவது.

இந்தப் பாதையைப் பயன்படுத்தும் ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரியைப் பொருத்தி, கழுத்தில் ஓடும் இடது வேகஸைச் சுற்றி ஒரு மின்முனையைச் சுருட்டிவிடுவார்கள். வழக்கமான அமைப்பில் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி துடிக்கும், இரவும் பகலும். அமெரிக்காவில் 1997இல் வலிப்புக்கு அனுமதி பெற்றது. வலிப்பை முற்றிலும் நிறுத்துவது அரிது. ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பாதிப்பேருக்கு வலிப்பு பாதியளவு குறைகிறது. வலிப்பு வரும்போது அருகிலிருப்பவர் மார்பின் மேல் ஒரு காந்தத்தைத் தேய்த்தால் கூடுதலாக ஒரு துடிப்பு கிடைக்கும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் மீசையை முறுக்கிக்கொள்ளக்கூடும். அவசரப்பட வேண்டாம், காந்தத்தின் எதிரில் ஒரு கருவி இருக்கிறது, சாவியின் எதிரில் எதுவும் இல்லை.

ஆக, காதில் ஊசி போடுபவர் சொல்வதில் ஒரு பொருள் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பள்ளத்தில் குத்தும் ஊசி, வேகஸின் வாலைத் தொடுகிறது. காது குத்தும் கீழ்மடல் அப்படியல்ல. அங்கே வரும் நரம்பு கழுத்திலிருந்து வருவது. காது குத்தினால் மூளை தெளியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. காது முழுவதும் உடலின் வரைபடம் இருப்பதாகக் காட்டும் படமும் ஆயிரமாண்டுப் பழமை கொண்டதல்ல. பால் நோஜியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1950களில் வகுத்தது.

வேகஸைத் தொடுவதும், வலிப்பைத் தடுக்கும் அளவுக்குத் தூண்டுவதும் ஒன்றல்ல. கருவி ஒரு நாளில் இருநூறு முறைக்கு மேல் துடிக்கிறது. ஊசி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், தலா அரைமணி நேரம். ஊசியில்லாமல் காதுத் தோலின் மேல் மின்முனை வைத்துத் தூண்டும் முறையை ஜெர்மனியில் 76 பேரிடம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். விநாடிக்கு 25 துடிப்பு பெற்றவர்களுக்கு வலிப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் ஒப்பீட்டுக்காக விநாடிக்கு ஒரேயொரு துடிப்பு பெற்ற குழுவைவிட அது மேல் என்று நிறுவ முடியவில்லை.

அக்குபங்சரைச் சோதிப்பது இதைவிடக் கடினம். மாத்திரையோடு ஒப்பிட மருந்தில்லாத மாவு மாத்திரை செய்யலாம். ஊசிக்கு என்ன செய்வது? அதற்காகவே, குத்துவதுபோல் தோன்றிக் கைப்பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும் மழுங்கிய ஊசி ஒன்றை 1998இல் ஜெர்மானியர்கள் அறிமுகம் செய்தார்கள். இல்லாவிட்டால் அக்குபங்சர் புள்ளியல்லாத இடத்தில் குத்த வேண்டும். நார்வேயில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 34 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மெய்யான ஊசியும் மற்றவர்களுக்குப் போலி ஊசியும் போட்ட ஆய்வு 1999இல் வந்தது. இரு பக்கமும் வலிப்பு சற்றுக் குறைந்தது. மெய் ஊசி பொய் ஊசியை வெல்லவில்லை. 2014இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளையும் 1538 பேரையும் ஒன்றாக அலசியது. பெரும்பாலானவை சிறியவை, சார்பு நுழைய வாய்ப்புள்ளவை. இப்போதுள்ள சான்று வலிப்புக்கு அக்குபங்சரை ஆதரிக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. ஊசியை எவரும் காப்புரிமை செய்ய முடியாது. ஆகவே பெரிய சோதனைக்குப் பணம் போடவும் எவரும் முன்வருவதில்லை. பாரம்பரிய மருத்துவத்தின் பெருமையை மேடையில் பேசும் அரசுகள், அந்தச் செலவில் ஒரு பங்கை நேர்மையான சோதனைக்கு ஒதுக்கலாம் என்பது என் பல்லாண்டுப் புலம்பல்.

போலி ஊசிக்காரர்களுக்கும் ஏன் குறைந்தது? இங்கேதான் அந்தக் காலண்டர் தாள்கள் உதவுகின்றன. வட்டங்களை எண்ணினேன்: முதல் மாதம் மூன்று, பிறகு ஐந்து, இரண்டு, நான்கு, கடைசித் தாளில் ஒன்பது. கடிதம் வந்தது அந்த ஒன்பதுக்குப் பிறகு. யாரும் நன்றாக இருக்கும் மாதத்தில் புது வைத்தியம் தேடுவதில்லை. ஒன்பதுக்கு அடுத்த மாதம், எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் நான்கைந்துக்குத் திரும்பும். அந்த மாதம் ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போகும். சாவிக்கொத்தின் கதையும் இதுதான்: பெரும்பாலான வலிப்புகள் இரண்டு நிமிடத்தில் தானே அடங்கும், சாவியைத் தேடி எடுத்து வரவும் அதே இரண்டு நிமிடம் ஆகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, காக்கா வலிப்புக்குத்தான் மிகவும் பொருந்துகிறது.

வாசகிக்கு என் பதில் இரண்டு பகுதி. மாத்திரையோடு சேர்த்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சுத்தமான ஊசியில் பயிற்சி பெற்றவர் போட்டால், பெரிய கெடுதல் நேர்வது அரிது. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் "மாத்திரையை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சென்னையில் அப்படிச் சொல்பவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத தொடர் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, கடிதத்தில் இல்லாத சொல்: அறுவை சிகிச்சை. வலிப்பு மூளையின் ஒரே இடத்தில் தொடங்குகிறது என்று எம்ஆர்ஐ, மூளையின் மின்துடிப்பைப் படத்தோடு பதிவுசெய்யும் வீடியோ இஇஜி ஆகியவை மூலம் உறுதியானால், அந்த இடத்தை அகற்றலாம். டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத 116 சிறுவர்களிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், அறுவை செய்தவர்களில் 77 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதத்தினர். எல்லோருக்கும் பொருந்தாது என்றாலும், ஊசியைப் பற்றிக் கேட்பதற்கு முன் மகனுக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டிய கேள்வி இது.

அந்தப் பரிசோதனைகளுக்கு நாள் வாங்கிக் காத்திருக்கும் மூன்று மாதமும், மருத்துவர் சொன்னாலன்றி மாத்திரையின் அளவை மாற்றாமல், அதே சிவப்பு மையில் வட்டமிட்டு வாருங்கள். பிறகு ஊசி தொடங்கினால் அந்தத் தேதியில் நீல மையில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று தாள், அந்தப் பக்கம் மூன்று தாள். வட்டங்களை எண்ணி எனக்கும் எழுதுங்கள்.