புளியரையில் டேங்க் நிரப்புவது யாருக்கு லாபம்?

செங்கோட்டையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள புளியரைப் பக்கம் போனால், பெட்ரோல் பங்க்குகளில் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் கேரளப் பதிவெண்தான். ஆரியங்காவு, தென்மலை, சில நாள் புனலூரிலிருந்துகூட வருகிறார்கள். கொல்லம் – திருமங்கலம் சாலையை ஒட்டி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால், அந்த வண்டிகளில் பல கடைசியில் என் கைக்கும் வந்துவிடும். பிரேக் பேட் கருகி, கிளட்ச் பிளேட் தேய்ந்து வருகிற வண்டிக்காரரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், இங்கே மலிவென்று பெட்ரோல் அடிக்க வந்தேன் சேட்டா என்பார். பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு எனக்குச் சம்பளமாகப் போய்ச் சேரும். எனக்கு நல்லதுதான், ஆனாலும் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பக்கமும் வருவது ஒரே எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல். ஒன்றிய அரசின் கலால் வரியும் ஒன்றே. மாநில வரியில்தான் விலை பிரிகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல், டீசல் இரண்டையும் அதற்கு வெளியே வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வரி போடலாம். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீத வரி, அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு உள்ள நிலவரம் இது. கேரளத்தில் 30.08 சதவீதம், லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் விற்பனை வரி, ஒரு சதவீத செஸ், 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று இன்னொரு 2 ரூபாய். எல்லாம் சேர்ந்து எல்லையில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் அளவுக்கு வித்தியாசம் நிற்கிறது. டீசலில் இதைவிடக் கொஞ்சம் குறைவு. கேரளத்துக்குள்ளேயே புதுச்சேரி ஆட்சியில் இருக்கிற மாஹேயிலும் இதே கூத்துதான். அங்கே பங்க் வரிசையைப் பார்த்தாலே எந்த அரசின் எல்லைக்குள் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். காரில் 30 லிட்டர் போட்டால் 150 ரூபாய் மிச்சம். தென்மலைப் பக்கத்திலிருந்து இதற்கென்றே ஒருவர் வருகிறார், போக வர 40 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். மலைப்பாதை, ஏற்றம் இறக்கம், வளைவில் லோடு லாரிக்குப் பின்னால் ஊர்வது எல்லாம் சேர்த்தால் சின்னக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. மூன்றேகால் லிட்டருக்கு மேல் வழியிலேயே எரிந்துபோகும். 340 ரூபாய் செலவழித்து 150 ரூபாய் லாபம்! பைக்கில் இன்னும் மோசம். ஐந்து லிட்டர் போட்டு 25 ரூபாய் மிச்சம் பிடிக்க, தொண்ணூறு ரூபாய்க்கு எரித்துவிட்டு வருவார்கள்.

லோடு லாரிக்காரருக்கு இது பொருந்தாது. அவர் எப்படியும் எல்லையைக் கடந்தாக வேண்டும், டேங்கும் பெரிசு. இந்தப் பக்கம் நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ வேறு வேலையாக வந்த காருக்கும் சரி. இதற்கென்றே கிளம்பி வருகிறவருக்குத்தான் நஷ்டம். கேனில் வாங்கிப்போகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் கொடுக்கக் கூடாது என்பது விதி. வெயிலில் மூடிக்கிடக்கிற கார் டிக்கியில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் சின்னப் பொறி போதும். வித்தியாசம் ஐந்து ரூபாயாக இருந்தாலும் ஐம்பதாக இருந்தாலும் அந்த வேலை வேண்டாம்.

இந்த எல்லைக் கணக்கைவிட ஒர்க்‌ஷாப்பில் அதிகம் ஓடுவது வளைகுடாக் கணக்கு. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தவர், அல்லது இருக்கிறவர். "அண்ணாச்சி, குவைத்துல நம்ம அரை லிட்டர் காசுக்கு ரெண்டு லிட்டர் போடலாம்" என்று ஆரம்பிப்பார்கள். பொய் இல்லை. குவைத்தில் சாதாரண பெட்ரோல் 2016 செப்டம்பரில் லிட்டர் 85 ஃபில்ஸ் ஆனது, அதற்கு முன் 60. ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். நம் காசில் 25 ரூபாய் அளவு. சவுதியில் 2015 முடிகிற வரைக்கும் 45 ஹலாலாதான், நூறு ஹலாலா ஒரு ரியால். அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் இன்னும் அந்த விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 75 ஆனது, 2018 ஜனவரியில் 1.37 ரியால் ஆனது. 2021 ஜூலையில் 2.18 ரியாலுக்கு மேல் ஏறாதபடி உச்சவரம்பு வைத்தார்கள். அதாவது ஆறு வருடத்துக்குள் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதே 2018 ஜனவரியில் வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம் வந்தது, 2020 ஜூலையில் அது 15 ஆனது. அதற்குப் பிறகு அங்கே இருந்துவிட்டுப் பெட்ரோல் மலிவு என்று இங்கே பேசுகிறவர், வாங்கின சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 15 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

துபாயில் 2015 ஆகஸ்டிலிருந்து விலையைச் சந்தையோடு விட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில் அடுத்த மாத விலையை அறிவிப்பார்கள். 2024, 2025இல் இரண்டரை, மூன்று திர்ஹாம் பக்கம் ஏறி இறங்கியது. ஆனால் துபாயில் ஓட்டுகிறவரிடம் கேட்டால் பெட்ரோலைப் பற்றிப் பேசமாட்டார், சாலிக்கைப் பற்றித்தான் புலம்புவார். 2007இல் ஆரம்பித்த சாலைச் சுங்கம் அது. கேட்டைத் தாண்டினால் 4 திர்ஹாம். 2025 ஜனவரிக் கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு கேட் தாண்டுகிறவருக்கு ஒரு நாள் சுங்கமே எட்டொன்பது லிட்டர் பெட்ரோல் விலை. அதற்கு மேல் பார்க்கிங், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

குவைத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டவர் ஓட்டுநர் உரிமம் எடுக்க, மாதம் 600 தினார் சம்பளம், பட்டப்படிப்பு, இரண்டு வருடத் தங்கல் என்று பல வருடமாகவே நிபந்தனை உண்டு. டிரைவர் வேலை மாதிரி சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு. கட்டட வேலைக்குப் போன நம் பிள்ளைக்கு அந்த 85 ஃபில்ஸ் பெட்ரோல் வெறும் பலகையில் பார்க்கிற விலைதான். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவருக்கு அது இருந்தென்ன, இல்லாமலென்ன?

விலையை விலையோடு வைத்துப் பார்க்காமல், உழைப்போடு வைத்துப் பாருங்கள். கேரளத்தில் கட்டட வேலைக்குக் கூலி நாட்டிலேயே அதிகம். தென்காசி மாவட்டத்து ஆட்கள் காலை வண்டியேறி அந்தப் பக்கம் போவது அதற்காகத்தான். நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்தால் எட்டரை லிட்டர் பெட்ரோல். பிரிட்டனில் பெட்ரோல் விலையில் பாதிக்கு மேல் வரி. 2025இல் லிட்டருக்கு 52.95 பென்ஸ் எரிபொருள் வரி, அந்த வரியையும் சேர்த்து அதன் மேல் 20 சதவீத வாட். நம் காசுக்கு மாற்றினால் நூற்றைம்பது ரூபாயைத் தாண்டும், கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் 2025 ஏப்ரலில் அங்கே 21 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பெட்ரோல் 1.35 பவுண்டு என்றால் ஒரு மணி நேர உழைப்புக்கு ஒன்பது லிட்டர். இங்கே ஒரு நாள், அங்கே ஒரு மணி நேரம்! அதற்காக அங்கே கார் வைத்துக்கொள்வது மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகப் போன நர்ஸ் பிள்ளைகள் முதல் வருட இன்சூரன்ஸ் தொகையைச் சொன்னால் இங்கே ஒரு பழைய காரே வாங்கிவிடலாம் போலிருக்கும். லண்டனில் பழைய டீசல் காரை எடுத்தால் புகைக்கென்று தினம் 12.50 பவுண்டு தனி.

நம் புளியரைக் கதை இன்னும் பெரிய அளவில் நடப்பது சிங்கப்பூர் – ஜோகூர் எல்லையில். சிங்கப்பூரில் 2021 பிப்ரவரியிலிருந்து 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 சிங்கப்பூர் சென்ட், 98க்கு 79 சென்ட் வரி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் மானிய விலை. எல்லாரும் அங்கே போய் நிரப்பிவிடுவார்களே என்று, சிங்கப்பூர்ப் பதிவு வண்டி நாட்டை விட்டு வெளியே போகும்போது டேங்கில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அபராதம். மலேசியாவும் தன் மானியப் பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு 2010 முதல் தடை செய்திருக்கிறது. 2025 செப்டம்பர் கடைசியில் இன்னும் இறுக்கி, தன் குடிமக்களுக்கு மட்டும் மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட் என்று கொண்டுவந்தது. நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் வந்தால் ஆரியங்காவில் டேங்க் முள்ளைப் பார்க்கவே ஓர் அலுவலகம் திறக்க வேண்டியிருக்கும்.

சரி, விலை நம் கையில் இல்லை. ஓட்டுவது நம் கையில்தான் இருக்கிறது. இங்கேதான் வளைகுடாப் பழக்கம் இடிக்கும். அங்கே ஐம்பது டிகிரி வெயிலில் ஏசி போடாமல் உட்கார முடியாது, என்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது வழக்கம். விடுமுறையில் வந்தவர் இங்கேயும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வெளியே அப்படியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நிற்கிற சின்னக் காரே ஏசியோடு மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் குடிக்கும். நேர்சாலையில் 120இல் பழகின கால், நம் நான்குவழிச் சாலையிலும் அதையே தேடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 80ஐ விட்டு 120க்குப் போனால் காற்றைத் தள்ளுகிற பலம் இரண்டே கால் மடங்கு வேண்டும். மைலேஜ் வரவில்லை என்று என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

நம்மூர்க்காரர் செய்கிற தப்பு வேறு. மலைமேல் எல்லையிலுள்ள கோட்டைவாசலைத் தாண்டினதும் நியூட்ரலில் போட்டு உருட்டுவது. அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டியில் ஆரம்பித்த பழக்கம். இப்போதுள்ள இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்கு எரிபொருள் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்கும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்து எரிக்கிறோம். அதோடு மொத்த வண்டியையும் பிரேக்கே பிடிக்க வேண்டியிருக்கும். புளியரை எஸ் வளைவுக்கு வருகிறபோது பேட் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏற்றம் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் லீவரை டி-யிலேயே விட்டுவிடாமல் எல்-லிலோ மேனுவலிலோ போட்டு இறங்க வேண்டும். இது வளைகுடாவில் ஓட்டிப் பழகினவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை, அங்கே அவர்களுக்கு மலை வாய்த்திருக்காது.

மைலேஜை டிஸ்பிளேயில் பார்க்காதீர்கள். டேங்க் நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பங்கில் நிரப்பும்போது போட்ட லிட்டரால் ஓடின தூரத்தை வகுத்தால் உண்மை வரும். அமெரிக்காவில் இருக்கிற மருமகன் கேலனுக்கு முப்பது மைல் என்று பெருமையடித்தால், அவர் கேலன் 3.785 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு 12.75 கிலோமீட்டர்தான். இப்போது இங்கே வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நாலு வருடத்துக்கு முந்திய கணக்கை வைத்துக்கொண்டு என்ஜின் கெட்டுவிட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதையும் வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். விடுமுறை முடிந்து காரை மூடிப்போட்டுப் போனால், அடுத்த வருடம் வருவதற்குள் இங்கே இரண்டு மழைக்காலம் போய்விடும். கால் டேங்க் பெட்ரோலோடு விட்டுப்போகாதீர்கள், காலி இடத்துக் காற்றிலிருக்கிற ஈரம் உள்ளே இறங்கும். முழுக்க நிரப்பிவிட்டு, வீட்டில் உரிமம் உள்ள யாரையாவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை செங்கோட்டை வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் அணைப்பதால் பேட்டரிதான் இறங்கும். இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அவர்களிடமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.