மஞ்சள் காட்டினால் முதலில் நகல் எடுங்கள்

சென்ற வாரம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு கல்யாணங்களின் படங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்ததாம்.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?"

"சரிசெய்கிற சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி இரண்டு ராத்திரி ஓடவிட்டேன், அண்ணே."

இணைத்துப் பார்த்தேன். டக், டக், டக் என்று மூன்று முறை அடித்துவிட்டு நின்றுபோனது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில்கூடத் தெரியவில்லை. இந்த மாதத்தில் இப்படி வந்தது இது நான்காவது டிஸ்க்.

எத்தனை முறை சொல்வது? சோதிக்கும் மென்பொருள் எதையும் பழுதுபார்க்காது. ஜாதகம் பார்த்ததற்காகச் சனி இடம் மாறுவதில்லை. "பேட் செக்டாரைச் சரிசெய்கிறோம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அங்கே நடப்பது இதுதான்: படிக்க முடியாத இடத்தில் திரும்ப எழுதச் சொல்வார்கள், டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் இடத்தை அதற்குப் பதிலாகத் தரும். கீறல் விழுந்த தட்டு கீறலோடுதான் இருக்கும். அங்கே இருந்த படம் போனது போனதுதான். இதற்காக, சாகக் கிடக்கும் டிஸ்க்கில் தட்டைப் படிக்கும் ஹெட்டை இரண்டு இரவு முழுக்க ஓடவைத்தால் அது தாங்குமா? விண்டோஸோடு வரும் செக் டிஸ்க் என்ற சோதனைக் கருவியையும் சேர்த்தே சொல்கிறேன். நகல் எடுக்கும் முன் அதைத் தொடாதீர்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்க்க வேண்டியவை மூன்றே வரிகள்: 05 (ஒதுக்கி மாற்றிய இடங்கள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை), சி6 (சரிசெய்ய முடியாதவை). எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. மென்பொருளின் செட்டிங்கில் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். தரவு கேபிள் வழியே போகும்போது நேரும் பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீல நிறத்தில் 'நலம்' என்று வந்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

மென்பொருளைப் பதிவிறக்கும்போதும் கவனம் வேண்டும். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அமுக்காதீர்கள். உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்கே போங்கள். அங்கேயும் பெரிய பச்சைப் பொத்தான் பெரும்பாலும் வேறொருவரின் விளம்பரமாகத்தான் இருக்கும். நிறுவத் தேவையில்லாத ஜிப் பதிப்பு இருந்தால் அதுவே போதும். (கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் கார்ட்டூன் பெண் படத்துடன் ஒரு பதிப்பு உண்டு. போலி என்று பயந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அசல்தான், ஜப்பான்காரர் ரசனை.) "ஆயிரம் பிழைகள் கண்டோம், பணம் கட்டுங்கள்" என்று எது சொன்னாலும் அன்றே நீக்கிவிடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று கூடவே ஒட்டிக்கொண்டு வருவதும் வேண்டாம்.

கணினியின் நினைவகமான ராமில் சந்தேகம் இருந்தால், அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி இரவு முழுக்க விடுங்கள். ராம் தேய்ந்துவிடாது, பயமில்லை. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். வெப்பநிலையைப் பொறுத்தவரை, வீடியோ எடிட்டிங்கின்போது மடிக்கணினி 85 டிகிரி காட்டுகிறது என்று நள்ளிரவில் என்னை எழுப்பாதீர்கள். சும்மா இருக்கும்போதே அவ்வளவு காட்டினால் மறுநாள் காலையில் வாருங்கள், விசிறியில் தூசி இருக்கும்.

டிஸ்க்கில் டக் டக் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம், ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், "இன்னும் ஒரே ஒரு முறை" என்று போட்டுப் பார்க்கவும் வேண்டாம். அப்படியே எடுத்து வாருங்கள். வரும்போது அதே அளவில் ஒரு காலி டிஸ்க்கும் கையில் இருக்கட்டும்.