வெயில் காலத்தில் சூரியன் கிட்டே வருகிறதா?

ஆங்கிலத்தில் 'மிஸ்கான்செப்ஷன்' என்றொரு சொல் உண்டு. 'தவறான கருத்து' என்று அகராதி ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் தெரியாமை வேறு, இது வேறு. ஒரு விஷயம் தெரியாதவரைக் கேட்டால் "தெரியாது" என்பார். தவறான கருத்து உள்ளவரிடம் பதில் தயாராக இருக்கும், காரணமும் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் லத்தீன் வினைக்குக் கருத்தரித்தல், மனத்தில் எண்ணுதல் என இரண்டு பொருளும் உண்டு. தமிழிலும் கருவும் கருத்தும் பக்கத்துப் பக்கத்தில்தானே நிற்கின்றன!

ஸ்பானிய மொழியில் இதை 'கொன்செப்தோ எர்ரோனெயோ' என்பார்கள், 'இதேயா எகிவோகாதா' என்றும் சொல்வார்கள். 'மாலென்தெந்தீதோ' என்று மொழிபெயர்த்தால் சரிவராது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பாக எடுத்துக்கொள்வதுதான் அது. 'எர்ரோனெயோ' என்ற சொல்லின் வேர், வழிதவறி அலைவது. 'எகிவோகாதா'வின் வேரிலோ 'சமம்', 'குரல்' என்ற இரண்டு லத்தீன் சொற்கள்: வேறு வேறு விஷயங்கள் ஒன்றுபோல் ஒலிப்பது. எனக்கு இந்த இரண்டாவது சொல்தான் பிடித்திருக்கிறது. தவறான கருத்து மனத்தில் பிறக்கும் விதத்தையே அது சொல்லிவிடுகிறது.

1987இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்துக்காக, ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள், பேராசிரியர்கள் என 23 பேரிடம் கேட்டார்கள்: பருவங்கள் ஏன் மாறுகின்றன? நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது? 21 பேரின் விளக்கம் தவறு. கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்பது பலரும் தயக்கமில்லாமல் சொன்ன பதில்.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுப்புக்குக் கிட்டே போனால் சுடும், தள்ளி நின்றால் சுடாது. குழந்தைப் பருவத்திலிருந்து உடம்பே படித்த பாடம் இது. சூரியனும் நெருப்புதான் என்றதும், மனம் அடுப்பின் கணக்கை அங்கேயும் போட்டுவிடுகிறது. போதாததற்குப் பாடப்புத்தகப் படங்கள் பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவில் காட்டுகின்றன. உண்மையில் அது கிட்டத்தட்ட வட்டம்.

பாடம் நடத்திவிட்டால் இந்த எண்ணம் போய்விடுமா? ஆண்ட்ரூ ஷ்டுல்மன், ஜோஷுவா வல்கார்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் 150 கல்லூரி மாணவர்களிடம் 200 வாக்கியங்களைக் கொடுத்து, சரியா தவறா என்று கேட்டார்கள். அறிவியலும் இயல்பான எண்ணமும் ஒத்துப்போகும் இடங்களில் பதில் சட்டென்று வந்தது. இரண்டும் மோதும் இடங்களில் தாமதமானது, பிழையும் கூடியது. பழைய எண்ணம் அழியவில்லை, அடியில் அமுங்கித்தான் கிடந்தது.

அதனால் "அது தப்பு" என்று சொன்னால் மட்டும் போதாது. பழைய எண்ணத்தால் செரிக்க முடியாத ஒன்றைக் கண்முன் வைக்க வேண்டும். ஸ்பானிய மொழி பேசும் இரண்டு ஊர்களையே எடுத்துக்கொள்வோம். ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலையில் 15.2 கோடி. அந்த ஜனவரியில் பூமியின் வடபாதியில் இருக்கும் ஸ்பெயினின் மத்ரீத் நகரம் குளிரில் நடுங்குகிறது, தென்பாதியில் இருக்கும் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்திலோ கொளுத்தும் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு ஊரும் சேர்ந்தல்லவா காய வேண்டும்?

இருட்டறையில் ஒரு டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள். சின்ன வட்டம், பளிச்சென்ற வெளிச்சம். அதே தூரத்தில் வைத்துக்கொண்டு டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். வட்டம் இழுபட்டு நீள்கிறது, வெளிச்சம் மங்குகிறது. அதே ஒளி அதிக இடத்தில் பரவிவிட்டது. பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால், ஜனவரியில் வடபாதி சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவும் தென்பாதி சூரியன் பக்கமாகவும் சாய்ந்திருக்கின்றன. அப்போது மத்ரீதுக்குக் கிடைப்பது இந்த இழுபட்ட வெளிச்சம், பகலும் அங்கே குறுகியது. புவெனஸ் அயர்ஸின் மேல் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிறது.