ட்ராஃப்ட் என்றால் வரைவு அல்ல

"ஆறாவது சுற்றில் வரையப்பட்டார்." போன வாரம் ஒரு விளையாட்டு ஆவணப்படத்தின் தமிழ் வசன வரியில் இப்படி வந்தது. யாரோ ஓவியம் தீட்டியதைச் சொல்கிறார்கள் என்றுதான் பக்கத்தில் இருந்த என் மனைவி நினைத்தாள். பேச்சோ டாம் பிரேடியைப் பற்றியது. அமெரிக்கக் கால்பந்தில் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை ஏழு முறை வென்ற அந்த மனிதரை 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் 198 பேரை எல்லா அணிகளும் சேர்ந்து எடுத்து முடித்திருந்தன. எவ்வளவு பெரிய செய்தி! 'வரையப்பட்டார்' என்ற ஒரு சொல் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

இது முதல் தடவை இல்லை. என்.எஃப்.எல். என்பது அந்த ஆட்டத்தின் தொழில்முறைத் தொடர். அதன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ட்ராஃப்ட் (draft) என்று பெயர். அதை 'என்.எஃப்.எல். வரைவு', 'வரைவுத் தேர்வு', 'வரைவு நாள்' என்று எழுதுவதை வருடா வருடம் ஏப்ரலில் பார்க்கிறேன். அதனால் இந்தச் சொல்லை ஒருமுறை முழுதாகப் பேசிவிடலாம்.

மூலம் எளிது. ட்ராஃப்ட் என்பது 'இழு' என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. காகிதத்தில் கோடு இழுத்தால் அது முதல் எழுத்துப்படி. வங்கியில் பணத்தை இழுக்கும் தாள் என்றால் நம்முடைய வரைவோலை. கூட்டத்திலிருந்து ஆளை இழுத்தால் படைக்கு ஆளெடுப்பு. இந்தக் கடைசிப் பொருளிலிருந்துதான் சொல் விளையாட்டுக்கு வந்தது. ஆக, 'வரைவு' ஒரு கிளைக்குச் சரி, இன்னொரு கிளைக்குத் தப்பு. வரைவு மசோதா, வரைவு அறிக்கை, வரைவு வாக்காளர் பட்டியல் என்றெல்லாம் எழுதுகிறோமே, அங்கே 'இன்னும் முடிவாகாதது' என்ற பொருள் இருக்கிறது. விளையாட்டில் அதற்கு நேர் எதிர். பெயரை அறிவித்துவிட்டால் முடிந்தது, திருத்தமே கிடையாது.

வரைவுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. அகத்திணையில் வரைவு என்றால் திருமணம், தலைவன் தலைவியைத் தனக்கென உரியவளாக்கிக்கொள்வது. அணி ஆட்டக்காரரைத் தனக்கென உரியவராக்குவதும் அதுதானே என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நானும் கொஞ்ச நாள் இதில் மயங்கியிருந்தேன். ஆனால் இன்று வரைவு என்ற சொல்லைப் படிக்கிறவர் மனத்தில் கல்யாணம் வருவதில்லை, அரசாணை வருகிறது. இரண்டாயிரம் வருஷம் முன்னால் இருந்த பொருளை அடிக்குறிப்பில் விளக்கித்தான் ஒரு சொல் நிற்கும் என்றால், அது வாசகருக்கான சொல் இல்லை. தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் தூய்மை தெளிவுக்குக் கேடாக வரும்போது நான் தெளிவு பக்கம்தான்.

வரைவை விட ஆபத்தானது 'ஏலம்'. ஐ.பி.எல். பழக்கத்தில் பலரும் 'வீரர்கள் ஏலம்' என்றே எழுதிவிடுகிறார்கள். வரைவு புரியாத சொல், அவ்வளவுதான். ஏலமோ தப்பாகப் புரிய வைக்கிற சொல். ஏலத்தில் யார் கையில் பணம் இருக்கிறதோ அவர்தான் கையைத் தூக்க முடியும், விலை ஏறிக்கொண்டே போகும். ட்ராஃப்டில் விலை கூறுவதே இல்லை. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் ஆளை எடுக்கும், கோப்பையை வென்ற அணி கடைசியில் எடுக்கும். 32 அணிகள், ஏழு சுற்றுகள். தன் முறையை வேறு அணியோடு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஈடாக வேறு முறைகளையோ ஆட்டக்காரரையோ பெறலாம். ஆட்டக்காரரின் தலைக்கு மேலே விலைப்பலகை தொங்காது.

இந்த ஏற்பாடு பிறந்த கதையைப் பாருங்கள். 1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர் ஸ்டான் கோஸ்ட்காவைச் சேர்க்கப் பார்த்தார். புரூக்ளின் அணியும் அவர்மேல் கண் வைத்திருந்தது. இருவரும் மாற்றி மாற்றித் தொகையை ஏற்றினார்கள், கோஸ்ட்கா புரூக்ளினுக்குப் போனார். இப்படியே போனால் பணமுள்ள அணிகள் மட்டும்தான் பிழைக்கும் என்று சொல்லி, பெல் இந்த முறையை முன்வைத்தார். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் ஒன்பது அணிகள் கூடி, ஒன்பது சுற்றில் 81 பேரை எடுத்தன. அதாவது ஏலத்தை ஒழிப்பதற்காகவே கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கே ஏலம் என்று பெயர் வைத்தால், நெருப்பை அணைக்க வந்தவருக்குக் கொள்ளிக்கட்டை என்று பெயர் வைத்த கதைதான்.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு முதல் ஆளாக எடுக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ஈகிள்ஸ் அவரை எடுத்தது, அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றியது, சம்பளப் பேச்சு ஒத்துவராமல் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அணிக்குக் கிடைப்பது ஆள் இல்லை, அவரோடு பேசும் உரிமைதான். 'ஏலத்தில் வாங்கினார்கள்' என்று எழுதினால் பெர்வாங்கர் கதையே புரியாது.

நம் கிரிக்கெட்டிலும் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஏலம் நடந்தது. 19 வயதுக்கு உட்பட்டோர் அணியினருக்கு மட்டும் ட்ராஃப்ட். டெல்லி அணி தன் முறை வந்தபோது பிரதீப் சங்வானை எடுத்தது. அடுத்திருந்த பெங்களூருக்கு விராட் கோலி கிடைத்தார். பெங்களூரு கோலியை 'ஏலத்தில் எடுத்தது' என்று இன்றும் எழுதுகிறார்கள். டெல்லி விலை கொடுக்க முடியாமல் கோலியை விடவில்லை, தன் முறையில் வேறு ஆளைத் தேர்ந்தது. கதையின் சுவையே அதில்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு விடை கையிலேயே இருக்கிறது. இரண்டு கேப்டன்கள் நிற்பார்கள், காசு சுண்டுவார்கள், 'நீ ஒருத்தன், நான் ஒருத்தன்' என்று மாற்றி மாற்றி 'ஆள் எடுப்பார்கள்'. கடைசியில் மிஞ்சி நிற்கிற பையனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பலமுறை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். ட்ராஃப்ட் என்பது இந்த ஆளெடுப்புதான். அதில் உயிரான விஷயம் முறை. 'என் முறை, உன் முறை' என்கிறோம். அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத் திறப்பதை முறைப்பாசனம் என்கிறோம். அதனால் என் பரிந்துரை 'முறைத்தெரிவு'.

'முறைத்தெரிவு என்றால் முறைத்துப் பார்ப்பது போல இருக்கிறதே' என்றார் ஒரு நண்பர். முறைப்பெண் என்று சொல்லும்போது யாருக்காவது அப்படித் தோன்றுகிறதா? பழகினால் சரியாகிவிடும். 'தேர்வு' என்று வைக்கக்கூடாதா என்றும் கேட்டார். தமிழ்நாட்டில் தேர்வு என்றால் பரீட்சை. 'முறைத்தேர்வு' என்றால் மாணவர்கள் ஹால் டிக்கெட்டைத் தேடுவார்கள். இலங்கைத் தமிழர்கள் 'தெரிவுசெய்யப்பட்டார்' என்று அன்றாடம் எழுதுகிறார்கள், பரீட்சைக்குப் பரீட்சை என்றே சொல்கிறார்கள். குழப்பமில்லாத அந்த வழக்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆளைத் தெரிந்து தெளிவதற்கே குறளில் ஓர் அதிகாரம் இருக்கும்போது இந்த வேர் நமக்குப் புதிதும் இல்லை.

தலைச்சொல் தப்பினால் கிளைச்சொற்கள் எல்லாம் தப்பும். கல்லூரி ஆட்டக்காரர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்டைச் 'சாரணர்' ஆக்கிவிட்டார்கள். காக்கிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாக ஒரு பள்ளி மாணவன்தான் கண்முன் வருகிறான். நாணயத்தையும் மணியையும் பார்த்துத் தரம் சொல்பவரை முன்பு நோட்டக்காரர் என்றார்கள். அந்தச் சொல்லை இங்கே உட்காரவைத்துப் பாருங்கள், அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ட்ராஃப்டுக்கு முன்னால் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வருடா வருடம் ஆட்டக்காரர்களை 40 கஜம் ஓடவிட்டு, 225 பவுண்டு எடையைத் தூக்கவைத்து, உயரமும் விரித்த கையின் அளவும் குறிக்கிறார்களே, அது நோட்டம் பார்ப்பது அல்லாமல் வேறென்ன? நன்றாக வருவார் என்று நம்பப்படும் இளம் ஆட்டக்காரரைக் குறிக்கும் பிராஸ்பெக்ட் என்பதை 'வாய்ப்பு' என்கிறார்கள். 'சிறந்த 100 வாய்ப்புகள்' என்றால் வேலைவாய்ப்பு விளம்பரம் போல இருக்கிறது. 'இந்தப் பையன் தேறுவான்' என்று வீட்டிலேயே சொல்கிறோம், 'தேறக்கூடியவர்' என்று எழுதினால் போதும். மாக் ட்ராஃப்ட் 'கேலி வரைவு' ஆகியிருப்பதையும் கண்ணால் பார்த்தேன். அதில் கேலி எங்கே இருக்கிறது? யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது, 'முன்கணிப்புத் தெரிவு'.

சொல்லில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1960களில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி கணினியைக் கொண்டு ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்த முயன்றபோது, அதைச் செய்து கொடுத்தவர் இந்தியாவிலிருந்து போன சலாம் குரேஷி என்ற புள்ளியியல்காரர். அவருக்கு அந்த ஆட்டமே பழக்கமில்லை. ஆட்டக்காரரின் குணங்களைப் பிரித்து எண் போட வேண்டும் என்றால், சுறுசுறுப்பு, போட்டிக்குணம், புத்திக்கூர்மை என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லோரும் ஒரே பொருள் கொள்ள வேண்டும். கணினிக்கே சொல் சுத்தமாக இருந்தால்தான் வேலை நடந்தது.

ஆங்கிலத்தைப் பார்த்து, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கூலி குறைவு, நேரம் குறைவு என்பதும் தெரியும். ஆனால் ஒரு நிமிடம் 'இங்கே என்ன நடக்கிறது' என்று கேட்டிருந்தால் 'வரையப்பட்டார்' வந்திருக்காது.

ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அப்போ ஏழு சுற்றிலும் யாரும் எடுக்காதவரை என்ன சொல்வீங்க? கர்ட் வார்னர் மாதிரி?" என்றான். 1994இல் எந்த அணியும் எடுக்காத வார்னர், பின்னால் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு சூப்பர் பவுல் வென்று கொடுத்தவர். தமிழில் அவருக்கு 'வரையப்படாத வீரர்' என்று போட்டிருக்கிறார்கள்.

"தெரிவாகாதவர்" என்றேன்.

"புரியுது மாமா" என்றான்.