கண்மாயில் மிதப்பது நீலச்சிறகியா, கிளுவையா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மதுரை அருகே சாமநத்தம் கண்மாயில் தண்ணீர் ஏறியதும் வடக்கேயிருந்து வலசை வாத்துகள் வந்திறங்கும். அதில் தவிட்டு நிறத்தில், புறாவைவிடக் கொஞ்சமே பெரிதாக ஒரு கூட்டம் நடுநீரில் மிதந்தால், அது நீலச்சிறகியாகவோ கிளுவையாகவோ இருக்கும். முன்னது சுமார் 40 செ.மீ., பின்னது 36. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இந்த 4 செ.மீ. உதவாது.

பறவை நூல்களில் ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே பிறைபோல் தடித்த வெள்ளைப் புருவம் இருக்கும். கார்த்திகையில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகளுக்குப் பறக்கும் இறகுகள் மொத்தமாக உதிர்ந்துவிடும். மூன்று, நான்கு வாரம் பறக்கவே முடியாது. அப்போது பளிச்சென்று இருந்தால் ஆபத்து. அதனால் பெட்டையின் மங்கல் நிறத்துக்கு மாறிவிடும். மற்ற வாத்துகள் குளிருக்கு முன்பே பழையபடி அழகாகிவிட, நீலச்சிறகி மட்டும் மார்கழி, தை வரைகூட அதே அழுக்கு வேட்டியோடு திரியும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் முகம். நீலச்சிறகிக்குக் கண் வழியாக ஒரு கருங்கோடு, அதன்மேல் வெளிர்கோடு, கன்னத்தில் இன்னொரு கருங்கோடு, அலகு தொடங்கும் இடத்தில் வெளிர்ப்பொட்டு. பெட்டைக் கிளுவையின் முகத்தில் இத்தனை வரி கிடையாது. பதிலாக வாலோரம் சின்ன வெளிர்க்கீற்று தெரியும். மேய்ச்சலையும் கவனிக்கலாம். நீலச்சிறகி பெரும்பாலும் தலையை மட்டும் நீரில் விட்டபடி நீந்திக்கொண்டே மேயும்.

ஆனால் தீர்ப்புச் சொல்வது சிறகுதான். சிறகின் இறகுகள் வருடத்துக்கு ஒரு முறைதான் மாறும். ஆகவே மங்கல் கோலத்திலும் ஆணின் முன்சிறகு வெளிர்நீலச் சாம்பலாகவே இருக்கும். கிளுவைக்கு அங்கே பழுப்புதான். பின்சிறகில் தெரியும் பச்சைப் பட்டையை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் உண்டு, போதாக்குறைக்கு அது சாயத்தால் வந்த பச்சை அல்ல, இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. கோணம் மாறினால் கறுப்பாகத் தெரியும்.

இவை பகலெல்லாம் நீரில் ஓய்ந்திருந்துவிட்டு இருட்டும் நேரத்தில் வயல்களுக்கு மேயப் போகும். தண்ணீரில் ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே எவ்விப் பறப்பதால், சிறகு விரிவது ஒரு நொடிதான். கல்லெறிந்து கிளப்பிப் பார்க்கிற வேலை வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே சூரியனுக்கு முதுகு காட்டி, கேமராவோடு கரையில் உட்கார்ந்துவிடுங்கள்.